சாஃப்ட் மெஷின்: குரல் வெளியேறிய கதை

இங்கிலாந்தின் சாஃப்ட் மெஷின் குழு எந்த ஆண்டில் இறந்தது என்று அதன் ரசிகர்களைக் கேட்டால் ஐந்து தேதிகளாவது கிடைக்கும். டேவிட் ஆலன் பிரான்ஸிலேயே தங்கிவிட நேர்ந்த 1967 என்பார் ஒருவர். கெவின் அயர்ஸ் தன் பாஸ் கிட்டாரை விற்றுவிட்டுப் போன 1968 என்பார் இன்னொருவர். ராபர்ட் வயட் வெளியேறிய 1971 என்பதே பலருடைய கணக்கு. எல்ட்டன் டீனின் சாக்ஸஃபோன் போன 1972 வரை ஆயுளை நீட்டிப்பவர்கள் உண்டு. ஆரம்பித்தவர்களில் கடைசி ஆளான மைக் ராட்லெட்ஜ் எழுந்து போன 1976தான் சரியான தேதி என்று சட்டம் பேசுபவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் அதே பெயரில் ஒரு குழு 2018லும் 2023லும் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறது.

அரை நூற்றாண்டைத் தாண்டிய இந்தச் சர்ச்சை பெரும்பாலும் ஒரே கேள்வியாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது: ராக் குழுவாகத் தொடங்கியது ஜாஸ் பக்கம் போனது சரியா? வளர்ச்சி என்கிறது ஒரு கட்சி. உயிரை விற்று மரியாதை வாங்கிய செயல் என்கிறது எதிர்க்கட்சி. நடந்த பயணம் ராக்கிலிருந்து ஜாஸுக்கு என்பதில் மட்டும் இரண்டு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த ஒப்புதல்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. சாஃப்ட் மெஷின் கைவிட்டது பாடும் குரலை. ஜாஸ் அதற்குக் கிடைத்த நியாயம். சில சமயம் வெறும் சாக்கு. இசைத்தட்டுகளையும் ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

*

இவர்களிடம் ஜாஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயம் என்று நினைப்பது முதல் தவறு. வயட், ராட்லெட்ஜ், ஹ்யூ ஹாப்பர் மூவரும் கான்டர்பரியில் சைமன் லாங்டன் பள்ளியில் படித்தவர்கள். டோவருக்குப் பக்கத்தில் லிட்டன் கிராமத்தில் வயட்டின் தாயார் வாங்கியிருந்த பெரிய வீட்டில் அறைகள் வாடகைக்கு விடப்பட்டன. அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர் டேவிட் ஆலன்; ஆஸ்திரேலியர், பீட் கவிஞர்களின் பாதிப்பில் கவிதை எழுதியவர். ஜார்ஜ் நைடார்ஃப் என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்மர் வயட்டுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த வீட்டில் சுழன்றவை மங்க்கும் மிங்கஸும் செஸில் டெய்லரும் வாசித்த தட்டுகள். 1963ல் ஆலனும் ஹாப்பரும் வயட்டும் சேர்ந்து லண்டனில் ஒரு மூவர் குழுவாக வாசித்தார்கள். ஆலன் கவிதை படிக்க, மற்ற இருவரும் கட்டற்ற ஜாஸ் வாசித்தார்கள். ராட்லெட்ஜ் சில சமயம் பியானோவில் சேர்ந்துகொண்டார். பாப் பாட்டு அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1964ல் கான்டர்பரியில் வைல்ட் ஃப்ளவர்ஸ் என்ற பெயரில், மக்கள் ஆடுவதற்கான பாட்டுகளை இவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

ஆக, வரிசை ஜாஸ், பிறகு பாப், பிறகு மறுபடி ஜாஸ் என்று இருக்கிறது. அந்த முதல் ஜாஸில் சொல்லுக்கு இடம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கவிதையும் டிரம்ஸும் ஒரே மேடையில் நின்றன.

1966ல் சாஃப்ட் மெஷின் உருவானபோது ஆலன், அயர்ஸ், வயட், ராட்லெட்ஜ் என நால்வர். பெயர் வில்லியம் பர்ரோஸின் நாவலிலிருந்து வந்தது. ஆலன் பர்ரோஸிடம் அனுமதி கேட்டு வாங்கினார். 1967ல் லண்டனின் யூஎஃப்ஓ கிளப்பில் பிங்க் ஃப்ளாய்டோடு மாறி மாறி வாசித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரான்ஸிலிருந்து திரும்பும்போது விசா கெடு தாண்டியிருந்ததற்காக ஆலனை இங்கிலாந்துக்குள் விட மறுத்துவிட்டார்கள். அவர் பாரிஸிலேயே தங்கி, பிறகு காங் என்ற குழுவைத் தொடங்கினார். குடியேற்ற அதிகாரி ஒருவர் எடுத்த முடிவால் சாஃப்ட் மெஷின் கிட்டாரை இழந்தது. 1968ல் சிறிது காலம் தவிர, 1970களின் நடுப்பகுதி வரை அந்தக் குழுவில் கிட்டார் இல்லை. ராக் குழு என்றாலே கிட்டார் என்றிருந்த காலத்தில் ஆர்கன், பாஸ், டிரம்ஸ் மட்டும்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ராட்லெட்ஜின் ஆர்கன். ஹேமண்ட் ஆர்கனே நாகரிகமாக இருந்தபோது அவர் லோரி ஆர்கனை எடுத்து, கிட்டார்க்காரர்கள் ஒலியை நெரிக்கப் பயன்படுத்தும் ஃபஸ் பெட்டியோடு இணைத்தார். அதில் ஒரு சங்கடம் இருந்தது. கட்டையிலிருந்து விரலை எடுத்த மாத்திரத்தில் கருவி ஊளையிட ஆரம்பித்துவிடும். ஆகவே விரலை எடுக்காமல், மூச்சு விடாமல், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவருடைய தனி வாசிப்பில் உள்ள அந்த இடைவெளியற்ற ஓட்டத்துக்குக் காரணம் பாதி கற்பனை, பாதி இயந்திரக் கோளாறு. ஒரு கலைஞனின் பாணி எங்கிருந்து பிறக்கிறது என்று பேசுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் வயட்டின் குரல். உயரமான, கொஞ்சம் கரகரத்த, சற்றே சோகமான குரல். அக்காலத்து ஆங்கிலப் பாடகர்கள் வாயைத் திறந்ததும் அமெரிக்கர்கள் ஆகிவிடுவார்கள். நீக்ரோ ப்ளூஸ் பாடகனின் உச்சரிப்பை லண்டன் பையன்கள் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். வயட் தான் பேசுகிற ஆங்கிலத்திலேயே பாடினார். வீட்டுப் பேச்சு மேடைக்கு வந்தது. 1969ல் வந்த இரண்டாவது இசைத்தட்டில் ஆங்கில அரிச்சுவடியையே பாடினார்: ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை, மறுபடி கடைசியிலிருந்து முதல்வரை. அதே தட்டில் ஒரு பாட்டில் முந்தைய ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தங்களை உடன் அழைத்துப்போன ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கும் அவர் குழுவினருக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவிக்கிறார். இன்னொன்றை ஸ்பானிய மொழியில் பாடுகிறார். சொல் இங்கே அர்த்தத்தைச் சுமந்து வரும் கூலியாக இல்லை. விளையாட்டாக, ஒலியாக, நட்பு விசாரிப்பாக, கடிதமாக இருக்கிறது. இதெல்லாம் நடப்பது 7, 9, 11 என்று எண்ணவேண்டிய தாளங்களில். இசை கடினமாக இருந்தது; அதன் மேல் பேசிய ஆள் எளிதாக இருந்தார். இந்தச் சேர்க்கைதான் சாஃப்ட் மெஷினின் தனித்துவம்.

*

1969ன் இறுதியில் கீத் டிப்பெட்டின் ஜாஸ் குழுவிலிருந்து ஊதுகருவிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் மற்றவர்கள் போய்விட, சாக்ஸஃபோன் வாசித்த எல்ட்டன் டீன் நிலைத்தார். காலமும் இதற்குச் சாதகமாக இருந்தது. அட்லாண்டிக்கின் அக்கரையில் மைல்ஸ் டேவிஸ் ஜாஸிலிருந்து மின்சாரக் கருவிகளை நோக்கி வந்துகொண்டிருந்தார். 'இன் எ சைலன்ட் வே' 1969லும் 'பிட்சஸ் ப்ரூ' 1970லும் வெளிவந்தன. இரண்டு கரையிலிருந்தும் பாலம் கட்டப்பட்ட காலம் அது. 1970 ஜூனில் சாஃப்ட் மெஷினின் 'தேர்ட்' வந்தது. இரட்டைத் தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு படைப்பு, ஒவ்வொன்றும் பதினெட்டு பத்தொன்பது நிமிஷம்.

ரசிகர் சண்டையின் குருக்ஷேத்திரம் இந்தத் தட்டுதான். முதல் பக்கம் ஹாப்பரின் 'ஃபேஸ்லிஃப்ட்'. 1970 ஜனவரியில் நடந்த இரண்டு கச்சேரிகளின் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டிச் செய்தது, ஒலி முரடானது. இரண்டாம் பக்கமும் நான்காம் பக்கமும் ராட்லெட்ஜுடையவை. நான்காம் பக்கம் தொடங்குவது சுழலும் ஒலிநாடாக்களில். ஆர்கன் ஒலித்துணுக்குகள் முன்னும் பின்னுமாக ஓடி, அடுக்கு அடுக்காக மேலெழுகின்றன. குழு உள்ளே வரவே சில நிமிஷங்கள் ஆகின்றன. அமெரிக்கரான டெரி ரைலி ஒலிநாடாவை வைத்துச் செய்த பரிசோதனைகளின் பாதிப்பு இது. ராட்லெட்ஜின் இரண்டு பக்கங்களிலும் உள்ள கட்டுக்கோப்பு, ஒரு மெட்டு இன்னொன்றுக்குள் புகுந்து வெளிவரும் நிதானம், பாப் இசையில் அதுவரை இல்லாத ஒன்று. இதை ரசிக்க முடியாதவர்கள் பாட்டு போய்விட்டது என்று புலம்புவதில் எனக்கு அனுதாபம் இல்லை.

மூன்றாம் பக்கம் வயட்டின் 'மூன் இன் ஜூன்'. சாஃப்ட் மெஷின் வெளியிட்ட கடைசிப் பாட்டு இதுதான். பழைய பாட்டுத் துணுக்குகளைக் கோத்து, அமெரிக்காவில் இருந்தபோது வயட் தனியாகவே பதிவு செய்து பார்த்த படைப்பு. மற்ற இருவருக்கும் பாட்டில் ஆர்வம் போயிருந்தது. ஆகவே 'தேர்ட்' தட்டில் இதன் முதல் பாதியில் டிரம்ஸ், ஆர்கன், பியானோ, பாஸ் எல்லாவற்றையும் பாடுகிற ஆளே வாசிக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் இருந்துகொண்டு ஊர் மழைக்கு ஏங்குவதைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி, இப்படிப் பாடிக்கொண்டிருப்பதைப் பற்றியே பாடுகிறார். ஏறக்குறைய பாதியில், பாட்டின் சொற்கள் பெரும்பாலும் தீர்ந்த பிறகுதான், ராட்லெட்ஜும் ஹாப்பரும் உள்ளே வருகிறார்கள். அதுமுதல் இசை வேறு பலத்தோடு நகர்கிறது. கடைசியில் ஒரு வயலின் கீச்சிட, எங்கோ தூரத்திலிருந்து கேட்பதுபோல வயட், எப்போதோ போய்விட்ட கெவின் அயர்ஸின் பாட்டுத் துணுக்குகளை முனகுகிறார்.

ஒரு குழு பிளந்துபோவதைத் தட்டிலேயே கேட்க முடிகிற வேறொரு இடம் எனக்குத் தெரியாது. பிளவின் இரண்டு பாதியும் இல்லாமல் அந்தப் பக்கம் முழுமை பெறுவதுமில்லை. வயட் ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் கொண்டாடுவதும், ஜாஸ் ரசிகர்கள் மற்ற மூன்று பக்கங்களை மட்டும் போடுவதும் ஒரே மாதிரியான காது மந்தம்.

இதே பாட்டுக்கு இன்னொரு வடிவம் உண்டு. 1969 ஜூனில் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காக வாசித்தபோது வயட் சொற்களை மாற்றிவிட்டார். இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்க விடுகிறார்கள் என்று பிபிசிக்கே பாட்டில் நன்றி சொல்கிறார். தாழ்வாரத்தில் இருக்கும் தேநீர் இயந்திரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கலையின் உயரத்துக்கும் தேநீர் இயந்திரத்துக்கும் நடுவே அவர் கோடு போடவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது அடுத்த ஆண்டு.

*

1970 ஆகஸ்ட் 13 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசியின் புகழ்பெற்ற ப்ராம்ஸ் கச்சேரித் தொடரில் சாஃப்ட் மெஷின் வாசித்தது. அந்த மேடை ஏறிய முதல் ராக் குழு இவர்கள்தான். வயட் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. வாசிப்பதற்கு முன் சிகரெட் பிடிக்க அவர் வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வாசல் காவலர் உள்ளே விடவில்லை. நான் இங்கே வாசிக்க வேண்டியவன் என்று இவர் சொல்ல, உள்ளே நடப்பது ஒழுங்கான சங்கீதம் என்று அந்த மனிதர் பதில் சொன்னாராம். காவலரின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பதற்காக இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் குழுவுக்குள்ளேயே அப்போது ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்கான சங்கீதத்தில் பாட்டு வராது என்பது அவர் வைத்திருந்த விதி. 1971ல் வந்த 'ஃபோர்த்' தட்டில் ஒரு சொல்கூட இல்லை. வயட் டிரம்ஸ் மட்டும் வாசித்தார். அதே ஆண்டில் குழுவிலிருந்து போனார். விலகினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. விலக்கப்பட்டேன் என்றுதான் அவர் பின்னாளில் பேசினார்.

அந்த விதிக்குப் பின்னாலிருந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடு வைத்துப் பார்ப்பதே நியாயம். பாட்டு என்று வந்தால் கேட்பவன் கண் பாடகன்மேல் போய்விடுகிறது. மற்றவர்கள் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்கள். சொல்லின் அர்த்தம் ஒலிக்கு வேலி போட்டுவிடுகிறது. இசை தானே சொல்லக்கூடியதைச் சொல் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. மூன்று நிமிஷப் பாட்டுக்கென்று ஏற்பட்ட வடிவம், இருபது நிமிஷச் சிந்தனையைத் தாங்காது. பாப் பாட்டின் வார்த்தைகளோ பெரும்பாலும் குப்பை. இந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு நான்கு பேர் சமமாக உட்கார்ந்து வாசித்தால் என்ன? ராட்லெட்ஜும் ஹாப்பரும் இப்படி நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. கலையைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட எவனும் ஒரு கட்டத்தில் இப்படி நினைத்திருப்பான். கவிதையிலிருந்து கதையை வெளியேற்றியவர்களும், ஓவியத்திலிருந்து உருவத்தை வெளியேற்றியவர்களும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள்.

ஆனால் வரலாறு இந்த வாதத்தை இரண்டு இடத்தில் மறுக்கிறது.

முதலாவது, வயட் ஜாஸுக்கு எதிரி என்ற கதை. 'தேர்ட்' வெளிவந்த அதே 1970ல் அவர் தனியாக வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் அன் இயர்' தட்டின் அட்டையில், வேலையில்லாத பாப் பாடகர், தற்சமயம் சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசிப்பவர் என்ற பொருளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தட்டு தொடங்குவதும் முடிவதும் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸின் ஒரு படைப்பில். அதில் வயட் குரல் கொடுக்கிறார், வார்த்தையே இல்லை. முனகல், கூவல், மழலை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய குரல்கள். 'ஃபோர்த்' தட்டைவிடக் கட்டற்ற ஜாஸ் இது. ஆக, வயட் சொல்லுக்காகக்கூடப் பிடிவாதம் பிடிக்கவில்லை. மனிதத் தொண்டையும் ஒரு கருவி, அதற்கும் மேடையில் நாற்காலி உண்டு என்பதே அவருடைய கட்சி. ஜாஸ் கேட்கத் தெரிந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள், பாப் மட்டும் தெரிந்தவர் வெளியேறினார் என்ற சித்திரம் இந்த ஒரு தட்டின் முன்னால் நிற்காது.

இரண்டாவது, குரல் போன பிறகு ஜாஸ் கட்சிக்குள்ளேயே நடந்தது. வயட்டின் இடத்துக்கு டீன் விரும்பிய ஃபில் ஹோவர்ட் வந்தார். தாளத்தைக் கணக்காகப் பிடிக்காமல் அலையாக விடுகிற டிரம்மர். டீனுக்கு வேண்டியிருந்தது இதுதான்: எழுதிய மெட்டு வெறும் வாசற்படி, அதைத் தாண்டியதும் வெட்டவெளி. ராட்லெட்ஜுக்கும் ஹாப்பருக்கும் எழுதிய மெட்டு வேண்டும், அதன் எண்ணிக்கை வேண்டும். 'ஃபிஃப்த்' தட்டு பாதி பதிவானபோது ஹோவர்ட் வெளியேற்றப்பட்டார். 1972ல் வெளிவந்த அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் ஹோவர்ட் வாசிக்கிறார், மறுபக்கத்தில் நியூக்ளியஸ் குழுவிலிருந்து வந்த ஜான் மார்ஷல். அந்த ஆண்டிலேயே டீனும் போனார். அவருடைய இடத்துக்கு, அதே நியூக்ளியஸிலிருந்து, ஓபோவும் சாக்ஸஃபோனும் பியானோவும் வாசிக்கும் கார்ல் ஜென்கின்ஸ் வந்தார். 1973ல் ஹாப்பர் போனார். ஜென்கின்ஸின் கையில் இசை சுருள்சுருளாகத் திரும்பி வரும் சிறு மெட்டுகளாக ஆயிற்று, நேர்த்தியானது, அபாயமற்றது. 1975ன் 'பண்டில்ஸ்' தட்டில் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் வந்து கிட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய வேகத்தில் மயங்கிச் சாஃப்ட் மெஷினே இங்குதான் தொடங்குகிறது என்று சொல்லும் ரசிகர் தலைமுறை ஒன்றும் உண்டானது. அடுத்த ஆண்டு ராட்லெட்ஜ் எழுந்து போனார்.

முதலில் கிறுக்குத்தனம் வெளியேறியது. பிறகு பாட்டு. பிறகு கட்டற்ற ஜாஸ். பிறகு அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டவரே. தூய்மைக்காக வெளியேற்றத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பதைத் தூய்மை சொல்லித் தருவதில்லை. குரலை வெளியேற்றியது ஜாஸ் என்றால், ஜாஸிலேயே குரலுக்கு மிக நெருக்கமாக அலறிய டீனின் சாக்ஸஃபோன் ஏன் அடுத்த ஆண்டே போக வேண்டும்?

1990களுக்குப் பிறகு இந்தச் சர்ச்சைக்குப் புதிய சாட்சியங்கள் வந்தன. பெட்டிகளில் கிடந்த கச்சேரி ஒலிநாடாக்களைக் கியூனிஃபார்ம் போன்ற சிறு நிறுவனங்கள் தட்டுகளாக வெளியிட்டன. 1970 ஜனவரி, 1971 மார்ச் கச்சேரிகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஹோவர்ட் இருந்த சில மாதங்களின் ஒலிப்பதிவை 'ட்ராப்' என்ற பெயரில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரே மூன்ஜூன். பாட்டின் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனம், பாட்டை வெளியேற்றிய பிறகு வந்த குழுவின் ஒலியைக் காப்பாற்றியிருக்கிறது. இவற்றைக் கேட்டவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். 1970லும் 1971ன் தொடக்கத்திலும் மேடையில் வயட்டின் டிரம்ஸ் எவ்வளவு உக்கிரமாக ஜாஸ் பேசியது, ஸ்டூடியோத் தட்டுகளில் கேட்கும் பிளவு மேடையில் எப்படி ஒரே தீயாக எரிந்தது என்பதுதான் அது. தட்டுகளை மட்டும் வைத்து நடத்திய பழைய வழக்கில் பாதித் தீர்ப்புகள் செல்லாமல் போயின.

*

வெளியேறிய வயட் தொடங்கிய குழுவின் பெயர் மேச்சிங் மோல். சாஃப்ட் மெஷின் என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் வருகிற 'மஷீன் மோல்' என்பதை ஆங்கிலக் காதால் கேட்டு வைத்த பெயர். 1972ல் வந்த அதன் முதல் தட்டில், இது முதல் சரணம், இது பல்லவி என்று தன் உறுப்புகளைத் தானே அறிவித்துக்கொண்டு போகும் பாட்டு ஒன்று இருக்கிறது. சொல்லிலிருந்து அர்த்தத்தைக் கழற்றிய பிறகும் அந்தக் குரலில் உள்ள துக்கம் கழலவில்லை என்பதே அதன் அதிசயம். வடிவம் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய பாட்டு.

1973 ஜூன் 1 அன்று லண்டனில் ஒரு விருந்தின்போது வயட் ஜன்னலிலிருந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. இனி கால்களால் வாசிக்கும் டிரம்ஸ் இல்லை. அந்த நவம்பர் 4 அன்று ரெயின்போ தியேட்டரில் அவருக்காக நிதி திரட்டக் கச்சேரி நடந்தது. வாசித்தவர்கள் பிங்க் ஃப்ளாய்டும், அவர் இல்லாத சாஃப்ட் மெஷினும். ரசிகர் சண்டைகளில் இந்த இரவு அதிகம் பேசப்படுவதில்லை. கட்சி கட்டுவதற்கு அது உதவாது.

விபத்துக்கு முன் வெனிஸில் தொடங்கி, மருத்துவமனையில் பார்வையாளர் அறையில் இருந்த பியானோவில் தொடர்ந்த பாட்டுகள் 1974 ஜூலையில் 'ராக் பாட்டம்' என்று வெளிவந்தன. தயாரித்தவர் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேஸன். இந்தத் தட்டை ராக் என்பதா, ஜாஸ் என்பதா? ட்ரம்பெட் வாசிப்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வந்த ஜாஸ் கலைஞர் மொங்கேஸி ஃபேஸா. பாஸ் வாசித்தவர்களில் ஒருவர் ஹ்யூ ஹாப்பர்! பாட்டில் ஆர்வம் போய்விட்டது என்றவர், பாட்டுக்காகவே பிறந்த தட்டுக்கு வந்து வாசிக்கிறார். குரல் இங்கே மனைவி ஆல்ஃபியின் பெயரைச் சிதைத்துச் சிதைத்து மழலையாக்குகிறது. சொல் உடைகிறது, மூச்சு மிஞ்சுகிறது. 'தி எண்ட் ஆஃப் அன் இயர்' தட்டில் பரிசோதனையாக இருந்த சொல்லற்ற குரல், இங்கே ஒரு மனிதனின் தேவையாக ஆகியிருக்கிறது.

ஹாப்பரைப் பற்றி இன்னொரு செய்தி. இளம் வயதில் அவர் எழுதிய 'மெமரீஸ்' என்ற எளிய காதல் பாட்டை 1982ல் மெட்டீரியல் குழுவின் தட்டில் பாடியவர், அப்போது யாரும் அறியாத விட்னி ஹூஸ்டன். கூடச் சாக்ஸஃபோன் வாசித்தவர் கட்டற்ற ஜாஸின் முன்னோடிகளில் ஒருவரான ஆர்ச்சி ஷெப். பாட்டும் ஜாஸும் ஒன்றாக உட்காராது என்ற கட்சிக்கு எதிராக அந்தக் கட்சிக்காரரின் சொந்தப் பாட்டே சாட்சி சொல்கிறது.

ராட்லெட்ஜும் ஜென்கின்ஸும் பிறகு விளம்பர இசையில் இறங்கினார்கள். ஒரு விமான நிறுவனத்தின் விளம்பரத்துக்காக ஜென்கின்ஸ் செய்த இசை வளர்ந்து, 1995ல் 'அடியேமஸ்' என்ற தட்டாகி உலகமெங்கும் விற்றது. அதில் தாளக் கருவிகளின் ஒலியை அமைத்தவர் ராட்லெட்ஜ். அந்தத் தட்டு முழுவதும் பாட்டு. மொழி மட்டும் எந்த ஊர் மொழியும் இல்லை. அர்த்தமே இல்லாத, இசைக்காக ஜென்கின்ஸ் உருவாக்கிய அசைகள். வரலாறு கேலி செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இங்கே உள்ள வித்தியாசத்தைப் பார்க்காமல் போவது நஷ்டம். 'ராக் பாட்டம்' தட்டிலும் அர்த்தமற்ற அசைகள்தான். 'அடியேமஸ்' தட்டிலும் அவைதான். முன்னதில் ஒரு ஆள் பேச முயன்று சொல் உடைகிறது. பின்னதில் பேசுகிற ஆள் யாரும் இல்லாததால் சொல் தேவைப்படவில்லை. முன்னது யாருடைய காதுக்கும் உடனே சுகமாக இருக்காது. பின்னது எல்லாக் காதுக்கும் சுகம்.

எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது என்றால், இதுதான். தீவிரம் என்பது எதையெதை வெளியேற்றினோம் என்ற பட்டியல் ஆகிவிடும் அபாயம் எந்தச் சிறு வட்டத்துக்கும் உண்டு. பேச்சு மொழி, சிரிப்பு, நன்றி, தேநீர் இயந்திரம் எல்லாம் வாசலில் நிறுத்தப்படுகின்றன. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு கொஞ்ச காலம் இருப்பார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே அடுத்து யாரை வெளியேற்றுவது என்ற விவாதம் தொடங்கும். சாஃப்ட் மெஷினில் நான்கு பேர் முரண்பட்டுக்கொண்டு ஒரே மேடையில் நின்ற காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அதன் பெரிய இசை எல்லாம் அந்த ஒன்றரை ஆண்டில்தான் இருக்கிறது. ஒத்த கருத்துடையவர்கள் சேர்ந்து வாசித்த ஆண்டுகளில் திறமைக்குக் குறைவில்லை. வேறு எதற்கோ குறைவு இருந்தது.

டீன் 2006லும் ஹாப்பர் 2009லும் அயர்ஸ் 2013லும் ஆலன் 2015லும் மார்ஷல் 2023லும் ராட்லெட்ஜ் 2025லும் மறைந்தார்கள். மரணத் தேதிகளுக்கான சர்ச்சை முடிந்துபோன மாதிரிதான். இருந்தும் குழுவுக்கு ஒரு தேதி சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், நான் ஆண்டைச் சொல்ல மாட்டேன். 'தேர்ட்' தட்டின் மூன்றாம் பக்கத்தை எடுத்து, ஊசியை ஏறக்குறைய நடுவில் வைப்பேன். பாடியவன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டான். அதுவரை வராத இருவர் அப்போதுதான் உள்ளே வருகிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து வாசிக்கும் அந்தச் சில நிமிஷங்களில் குழு முடிந்துபோகிறது. அவ்வளவு உயிரோடு அது அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை.